மொரிஸ் மைனரின் பிரேக் பைப்பும் 1948ஆம் ஆண்டும்

 

பொரளை ட்ராம் வண்டியைப் பற்றி எழுதிய பிறகு, "சேர், அடுத்தது என்ன?" என்று பள்ளிவாசல் வாசலில் இரண்டு பேர் மறித்துக் கேட்டார்கள். அடுத்தது ஒரு நட். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சுண்டுவிரல் நுனியளவு நட் ஒன்று எங்களை மௌத்தின் வாசல் வரை கூட்டிப்போய்த் திருப்பி அனுப்பியது. அது ஏன் அப்படிச் செய்தது என்று தேடப்போனால் இந்தியப் பெருங்கடல், இரண்டாம் உலகப்போர், எங்கள் நாட்டின் டொலர் பஞ்சம் எல்லாம் உள்ளே வந்துவிட்டன. கொஞ்சம் நீளமான பதிவு. இஷா தொழுதுவிட்டு ஆறுதலாக வாசியுங்கள்.

முதலில் கார். எங்கள் வீட்டில் நிற்பது 1957ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் 1000. வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் ரயில் பாதைக்கும் இடையில் இருக்கும் ஒழுங்கை ஒன்றிலிருந்து வந்த கார். 1983 ஜூலையில் கனத்தையில் மூண்ட நெருப்பு பொரளையை எரித்துவிட்டு வெள்ளவத்தைக்கும் போனதே, அதற்கு அடுத்த வருடம் அந்த வீட்டுக்காரர்கள் வெளிநாடு போகும்போது எங்கள் வாப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். வாப்பா அதைக் கடைசிவரை "அந்த ஐயாவின்ட கார்" என்றுதான் சொல்வார். நாங்களும் அப்படியே சொல்கிறோம்.

இந்த வருடம் தம்பிக்கு ஓர் ஆசை. கண்டியில் மச்சானின் மகளுக்குக் கல்யாணம், உம்மாவை அந்த மைனரிலேயே கூட்டிப்போக வேண்டும். ஆனால் பழைய ட்ரம் பிரேக்கோடு கடுகண்ணாவை இறக்கத்தில் இறங்குவதா? முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் போடுவோம் என்று முடிவெடுத்தோம். பஞ்சிகாவத்தைக்குப் போய், உடைத்துப்போட்ட ஜப்பான் கார் ஒன்றின் டிஸ்க், கெலிப்பர், ரப்பர் ஹோஸ் எல்லாம் வாங்கி வந்தான். ஒரு பாஸ் அவற்றைப் பூட்டிக் கொடுத்தார். அவருடைய பெயரையும் கராஜையும் சொல்லமாட்டோம். அவசரப்படுத்தியதும் நாங்கள், "பழைய பைப்பே போதும்" என்று காசை மிச்சம் பிடித்ததும் நாங்கள்.

மூன்றாம் நாள். பேஸ்லைன் வீதி, சிவப்பு விளக்கு. தம்பி பிரேக்கை மிதித்தான். பெடல் தரைவரை போனது. திரும்ப மிதித்தான். ஒன்றுமில்லை. ஹேண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்து, முன்னால் நின்ற த்ரீவீலருக்கு ஒரு முழம் பின்னால் கார் நின்றது. த்ரீவீலருக்குள் பள்ளிக்கூடச் சீருடையில் இரண்டு பிள்ளைகளும் அவர்களின் தாயும். அவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

காரை ஓரத்தில் தள்ளிக் கீழே பார்த்தால், முன் இடப்பக்கச் சக்கரத்தின் உள்ளே பிரேக் ஒயில் வழிந்து தார்வீதியில் குட்டை கட்டியிருந்தது. பைப் உடையவில்லை. ஹோஸும் கிழியவில்லை. பைப்பை ஹோஸோடு சேர்க்கும் அந்தச் சின்ன நட் கழன்று வெளியே வந்திருந்தது. நன்றாக இறுக்கிய நட்தான். எப்படிக் கழன்றது?

அதற்கு 1948க்குப் போக வேண்டும்.

1948 பெப்ரவரி 4 எங்களுக்குச் சுதந்திரம். அது எல்லாருக்கும் தெரியும். அதே வருடம் ஒக்டோபரில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் மொரிஸ் மைனர் முதன்முதலாக மேடையேறியது. அதற்கு மூன்றே வாரம் கழித்து, நவம்பர் 18ஆம் திகதி, வாஷிங்டனில் அமெரிக்கா, பிரித்தானியா, கனடா ஆகிய மூன்று நாடுகளும் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டன. இனிமேல் நட்டும் போல்ட்டும் மூன்று நாட்டிலும் ஒரே புரியில் இருக்கும் என்பது அந்த ஒப்பந்தம். நட்டுக்கெல்லாம் ஒப்பந்தமா என்று சிரிக்காதீர்கள். போரில் அடிபட்டுப் படித்த பாடம் அது.

பிரித்தானியாவில் 1841இல் ஜோசப் விட்வொர்த் என்பவர் புரியின் கோணம் 55 பாகை என்று வகுத்தார். அமெரிக்காவில் 1864இல் வில்லியம் செல்லர்ஸ் 60 பாகைதான் செய்வதற்கு இலகு என்றார். இரண்டு நாடும் தத்தம் வழியில் எண்பது வருடம் போயின. பிறகு இரண்டாம் உலகப்போர். ஒரே பக்கத்தில் நின்று சண்டை பிடிக்கும் இரண்டு படைகள், ஒருவருடைய வண்டி பழுதானால் மற்றவருடைய போல்ட் பொருந்தாது. கப்பல் கப்பலாக இரண்டு வகை நட்டும் போல்ட்டும் ஏற்ற வேண்டியிருந்தது. அந்தத் தலையிடியின் மருந்துதான் 1948 ஒப்பந்தம். அங்குலக் கணக்கு, 60 பாகைக் கோணம். எங்கள் பாஸ்மார் "யு.என்.எஃப்" என்று சொல்வது இந்தப் புரியின் நுணுக்கமான வகையைத்தான். மைனர் உட்படப் பிரித்தானியக் கார்கள் ஒவ்வொன்றாக இந்தப் புரிக்கு மாறின. எங்கள் காரின் பிரேக் பைப் நட் அங்குலத்தில் எட்டில் மூன்று பங்கு விட்டம், ஓர் அங்குலத்துக்கு 24 புரி.

இடையில் ஒரு வார்த்தை. "பாஸ்" என்பது ஒல்லாந்தர் விட்டுப்போன சொல். தலைவன், எசமான் என்று அவர்களின் மொழியில் பொருள். சிங்களத்தில் "பாஸ் உன்னஹே" ஆகி, எங்கள் வாயிலும் ஒட்டிக்கொண்டது. ஆங்கிலேயரின் "பொஸ்" என்ற சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததுதான். ஆக, அலுவலகத்தில் கதிரையில் இருக்கும் பொஸ்ஸும், காருக்கு அடியில் படுத்திருக்கும் பாஸும் சொல்லளவில் ஒரே ஆள்.

சரி, மைனர். அதை வடிவமைத்த அலெக் இஸிகோனிஸ் இன்றைய துருக்கியின் இஸ்மிர் நகரில் 1906இல் பிறந்தவர். கடைசி நேரத்தில் கார் ஒடுக்கமாக இருக்கிறதென்று நடுவால் இரண்டாக வெட்டி, நான்கு அங்குலம் விலக்கிச் சேர்த்தார் என்பது அந்தக் காரைப் பற்றி எல்லாரும் சொல்லும் கதை. அதற்குச் சாட்சியாக முதல் காலத்து மைனர்களின் பம்பரில் நடுவில் ஒட்டு இருக்கும். பம்பரை ஏற்கெனவே செய்து குவித்துவிட்டார்களாம். 1960 முடியும்போது பத்து இலட்சமாவது மைனர் வெளிவந்தது. பிரித்தானியக் கார் ஒன்று அந்த எண்ணிக்கையைத் தொட்டது அதுவே முதல் தடவை. 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி நின்றபோது கணக்கு ஏறத்தாழ 16 இலட்சம்.

அவற்றில் ஒரு பங்கு கொழும்புத் துறைமுகத்தில் இறங்கியது. கொட்டாஞ்சேனையில் இருக்கும் மூத்தவர்களைக் கேட்டால் கப்பலிலிருந்து கார் தூக்கி இறக்கிய கதை சொல்வார்கள். டாக்டர், புரொக்டர், பாடசாலை அதிபர், தோட்டத்துத் துரை என்று படித்த உத்தியோகக்காரரின் காராக மைனர் ஓடியது. பிறகு மஞ்சள் கூரை அடித்து டாக்ஸியாகவும் ஓடியது. எங்கள் காரின் இலக்கத் தகட்டில் ஆங்கில எழுத்து இருக்கிறது. 1958 ஜனவரியில் அந்த எழுத்தை எடுத்துவிட்டுச் சிங்கள "ஸ்ரீ" எழுத்தைக் கொண்டுவந்தார்கள், வடக்கில் அதன்மேல் தார் பூசினார்கள், மே மாதம் நாடே பற்றியெரிந்தது. ஒரு காரின் இலக்கத் தகட்டைப் பார்த்து அது எந்தக் காலத்தில் கரையேறியது என்று சொல்லக்கூடிய நாடு இது.

பிறகு கதவு மூடியது. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி கரைந்துபோய், கார் இறக்குமதியை அரசு இறுக்கியது. 1970இலிருந்து 77 வரை இன்னும் இறுக்கம். பாணுக்கு வரிசை நின்ற காலத்தில் யார் கார் கொண்டுவருவது? இருந்த காரைத்தான் ஓட்ட வேண்டும். ஐரோப்பாவில் பத்து வருடத்தில் இரும்புக்குப் போன மைனரை எங்கள் பாஸ்மார் இருபது, முப்பது வருடம் என்று உயிரோடு வைத்திருந்தார்கள். தகரத்தைத் தட்டி மட்கார்ட் செய்தார்கள், பழைய டயர் டியூபை வெட்டி வொஷர் செய்தார்கள். இந்தக் கைத்திறன் எவ்வளவு பேர் பெற்றதென்றால், இங்கிலாந்தின் பாத் நகரில் மைனர்களுக்கென்றே நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயார், 1990களில் தென்னிலங்கையில் மைனர் உதிரிப்பாகம் செய்யும் பட்டறை ஒன்றை இங்குள்ளவர்களோடு சேர்ந்து அமைத்தார். இங்கே செய்த பாகங்கள் அங்கே போய் ஆங்கிலேயரின் மைனர்களில் ஏறின. வெள்ளைக்காரன் விற்ற காருக்கு நாங்கள் பாகம் செய்து அனுப்பியிருக்கிறோம். இதைப் பாடப்புத்தகத்தில் யாரும் போடவில்லை என்பதில் எங்களுக்குக் கொஞ்சம் மனக்குறை.

1977க்குப் பிறகு கதவு திறந்தது. வந்தவை பிரித்தானியக் கார்கள் அல்ல. ஜப்பான் கார்கள், அதிலும் பெரும்பாலும் அங்கே ஓடி முடித்து "ரீகண்டிஷன்" ஆகி வந்தவை. பஞ்சிகாவத்தைக் கடைகளின் இறாக்கைகள் சில வருடங்களிலேயே மாறின. மொரிஸ், ஒஸ்டின் சாமான் பின்சுவருக்குப் போக, நிசான், டொயோட்டா முன்னுக்கு வந்தன. அங்குலம் போய் மில்லிமீற்றர் வந்தது. ஜப்பான்காரன் மெட்ரிக் புரிக்காரன். அவனுடைய பிரேக் நட் 10 மில்லிமீற்றர் விட்டம், புரிக்குப் புரி 1 மில்லிமீற்றர்.

இப்போது பாருங்கள். பிரித்தானிய நட்டின் எட்டில் மூன்று அங்குலம் என்பது 9.525 மில்லிமீற்றர். அங்குலத்துக்கு 24 புரி என்றால் புரிக்குப் புரி 1.058 மில்லிமீற்றர். ஜப்பான் ஹோஸின் வாய் 10 மில்லிமீற்றர். வித்தியாசம் அரை மில்லிமீற்றரை விடக் குறைவு. கையால் திருகினால் நட் அழகாக உள்ளே போகும். நாலைந்து சுற்றில் புரிகளின் இடைவெளி ஒத்துவராமல் இறுகும். சாவி போட்டுப் பார்த்தால் "நல்ல இறுக்கம்" என்று தோன்றும். ஆனால் புரியின் நுனி மட்டும்தான் நுனியைப் பிடித்திருக்கிறது. பலமாகப் பிரேக் மிதித்தால் பைப்புக்குள் சதுர அங்குலத்துக்கு ஆயிரம் இறாத்தல் அழுத்தம் வரை ஏறும். (பாணை மட்டுமா இறாத்தலில் நிறுத்தோம்?) மூன்று நாள் தாக்குப்பிடித்ததே பெரிது.

இதில் ஏமாற்றுவது எது தெரியுமா? பைப்பின் கனம். பிரித்தானியக் காரிலும் ஜப்பான் காரிலும் பிரேக் பைப் ஒரே அளவு, அங்குலத்தில் பதினாறில் மூன்று. கண்ணுக்கு ஒரே பைப், கைக்கு ஒரே நட். 1948இல் மூன்று நாடுகள் மட்டும் பேசித் தீர்த்த வழக்கின் மிச்சம் எங்கள் முன்சக்கரத்தில் வந்து நின்றது. உங்கள் வீட்டுப் பழைய காருக்கு யாராவது ஜப்பான் பாகம் பூட்டியிருந்தால், இந்த ஒரு விஷயத்தைக் கட்டாயம் கேட்டுப் பாருங்கள்.

ஒரு நட் கழன்றால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போவது ஏன் என்று எங்கள் மகள் கேட்டாள். நல்ல கேள்வி. எங்கள் வகுப்பில் பஸ்காலின் கோட்பாடு என்று கற்பிக்கிறோம். மூடிய திரவத்தில் ஓரிடத்தில் கொடுத்த அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும். அந்த வரம்தான் சாபமும். திரவம் ஓரிடத்தில் ஒழுகினால் அழுத்தம் எல்லா இடத்திலும் போய்விடும். மைனரில் ஒரே மாஸ்டர் சிலிண்டர், ஒரே சுற்று.

இந்தத் திரவ பிரேக்கைக் காருக்குக் கொண்டுவந்தவர் மல்கம் லொக்ஹீட். பிறப்புப் பெயரின் எழுத்துக்கள் வேறு. சனங்கள் அதை "லொக்ஹெட்" என்று கண்டபடி வாசித்ததால் அந்தக் குடும்பம் எழுத்தையே மாற்றியது. அவருடைய தம்பி அலன்தான் அதே பெயரில் ஆகாய விமானக் கம்பனி தொடங்கியவர். 1921இல் டூசன்பேர்க் என்ற விலையுயர்ந்த அமெரிக்கக் காரில் நான்கு சக்கரத்துக்கும் திரவ பிரேக் வந்தது. 1924இல் கிறைஸ்லர், ஒழுகிக்கொண்டிருந்த பழைய தடுப்புகளை எடுத்துவிட்டு ரப்பர் கிண்ணம் போட்டுச் சாதாரண காருக்கும் கொண்டுவந்தது. ஹென்றி ஃபோர்ட் மட்டும் இரும்புக் கம்பியையே நம்பி, 1939ஆம் ஆண்டு மொடல் வரை பிடிவாதமாக இருந்தார். மைனருக்குத் தொடக்கத்திலிருந்தே லொக்ஹீட் திரவ பிரேக்தான்.

அந்த ரப்பர் கிண்ணத்திலும் எங்களுக்கு ஒரு பங்குண்டு. ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொண்டுபோன இறப்பர் விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, 1876இல் 1,919 கன்றுகள் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. கம்பஹா ஹெனரத்கொடையில் அவை வளர்ந்தன. பழைய பிரேக் ரப்பர்கள் இயற்கை இறப்பர். அதனால்தான் ஒரு சட்டம்: பிரேக் தொட்டியில் இஞ்சின் ஒயிலோ வேறு கனிய எண்ணெயோ ஒரு சொட்டும் படக்கூடாது. இயற்கை இறப்பர் கனிய எண்ணெயில் ஊறி வீங்கும். பெடல் திரும்ப வராது. "ஒயில்தானே" என்று கையில் கிடைத்ததை ஊற்றி வைத்தவர்களை நாங்கள் கண்டிருக்கிறோம்.

1960களில் உலகம் விழித்தது. ஒன்று போனால் மற்றது காப்பாற்ற இரண்டு தனித்தனிச் சுற்றுகள் வேண்டும் என்று ஸ்வீடனின் சாப், வொல்வோ போன்றவை முந்திக்கொண்டன. 1968இலிருந்து அமெரிக்கா அதைச் சட்டமாக்கியது. அந்தக் காலத்தில் எங்கள் துறைமுகக் கதவு மூடியிருந்ததை நினைத்துப் பாருங்கள். உலகம் இரட்டைச் சுற்றுக்கு மாறிய காலத்தில் நாங்கள் ஒற்றைச் சுற்றுக் கார்களைத் தட்டித் தட்டி ஓட்டிக்கொண்டிருந்தோம். இன்றும் சொந்தக் காருக்கு வருட லைசன்ஸ் எடுக்கும்போது, 2008இல் வந்த புகைப் பரிசோதனை உண்டு. பிரேக்கைப் பார்ப்பவர் எவருமில்லை. புகை மற்றவருக்குக் கேடு என்றால், நிற்காத கார் யாருக்குக் கேடு?

இனி எங்கள் வேலைக்கு வருவோம். இம்முறை வேறு ஒரு பாஸ், தெமட்டகொடைப் பக்கம். எழுபதைத் தாண்டியவர். காரைப் பார்த்தவுடன் முதலில் சொன்னது, "மாஸ்டர், பைப் முழுதும் கழற்றுவோம்." கழற்றினோம். பின்சக்கரத்துக்குப் போகும் நீளப் பைப்பை அதன் கிளிப்பிலிருந்து எடுத்ததும், கிளிப் பிடித்திருந்த இடத்தில் விரலால் அழுத்தினார். உதிர்ந்தது. வெளியில் கறுப்புப் பெயின்ட், உள்ளே துரு. இருபத்தைந்து வருடம் வெள்ளவத்தைக் கடற்காற்றில் நின்ற காரல்லவா? உப்பு ஈரம் கிளிப்புக்குள் தங்கி அங்கிருந்துதான் தின்னத் தொடங்கும். நட் கழன்று நாங்கள் நின்றிருக்காவிட்டால், கடுகண்ணாவையில் இந்தப் பைப் வெடித்திருக்கும். இதைச் சொல்லிவிட்டு அவர் தேநீர் குடிக்கப் போய்விட்டார். நாங்கள் கொஞ்ச நேரம் அந்தத் துருத்தூளைப் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

புதுப் பைப் எதில்? தம்பி ஏசி வேலைக்குப் போடும் செப்புப் பைப் வாங்கலாம் என்றான். இலகுவாக வளையும், துருப்பிடிக்காது, விலையும் குறைவு. பாஸ் தலையை ஆட்டவில்லை. தனிச் செம்பு அதிர்ச்சியில் நாளடைவில் இறுகி, வெடிப்பு விடும். இரும்புப் பைப் பலமானது, ஆனால் கடற்கரை ஊருக்கு ஆகாது. இரண்டுக்கும் நடுவில் செம்பும் நிக்கலும் கலந்த பைப் இருக்கிறது, 90க்கு 10 என்ற கணக்கில். வொல்வோ 1970களில் தன் கார்களுக்கு அதைப் போடத் தொடங்கியது. ஸ்வீடனில் பனிக்காலத்தில் வீதியில் உப்புப் போடுவதால் வந்த வினை அது. எங்களுக்கு உப்பைக் கடல் இலவசமாகத் தருகிறது. அந்தப் பைப்பையே தேடி வாங்கினோம்.

பைப் போடுவதில் அவர் காட்டியவற்றைச் சொல்கிறோம், உங்களுக்கு உதவும். பழைய பைப்பை எறியவில்லை. அதைத் தரையில் படுக்க வைத்து, வளைவுக்கு வளைவு அதைப் பார்த்தே புதியதை வளைத்தார். முழங்காலில் வைத்து மடக்கவில்லை, வளைக்கும் கருவியில் மெதுவாக. ஒரு தடவை நசுங்கினால் அந்தத் துண்டு குப்பைக்கு. நுனியை விரிப்பதற்கு முன் நட்டைப் பைப்பில் கோர்க்க வேண்டும். நாங்கள் செய்த ஒன்றில் மறந்துவிட்டோம், வெட்டி எறிந்துவிட்டுத் திரும்பச் செய்தோம். நுனி விரிப்பிலும் சாதி உண்டு: ஒன்று உள்பக்கம் மடிந்த இரட்டை விரிப்பு, மற்றது குமிழ். எந்த வாய்க்கு எது என்று பார்க்காமல் பூட்டினால் எவ்வளவு இறுக்கினாலும் கசியும்.

பாதை இன்னொரு கலை. சைலன்சர் பைப்பிலிருந்து எட்டியே போக வேண்டும், சூட்டில் ஒயில் கொதிக்கும். ஜாக்கி வைக்கும் இடத்தில் போகக்கூடாது. தகரத்தைத் துளைத்துப் போகும் இடத்தில் ரப்பர் வளையம். ஒவ்வோர் அடிக்கும் ஒரு கிளிப், இல்லாவிட்டால் அதிரும், அதிர்ந்தால் தேயும். புதுக் கிளிப் ஒவ்வொன்றுக்குள்ளும் அவர் கிரீஸ் தடவினார், பழைய பைப்பை எது தின்றதென்று அவருக்குத் தெரியும். கடைசியாக, முன்சக்கரத்தை அந்தரத்தில் தூக்கி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பி, ரப்பர் ஹோஸ் டயரில் உரசுகிறதா, இழுபடுகிறதா என்று டோர்ச் அடித்துப் பார்த்தார். முதல் கராஜில் எங்கள் கண்முன் இது நடக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

நட்டுக்குப் பரிகாரம் லேத்தில் கடைந்த ஒரு சின்ன இணைப்பு. ஒரு வாய் அங்குலப் புரி, மற்ற வாய் மெட்ரிக் புரி. அதை அவர் மேசையில் வைத்து, "இது இங்கிலாந்து, இது ஜப்பான், நடுவில நாங்கள்" என்றார்.

மாஸ்டர் சிலிண்டர்தான் கழுத்தறுத்தது. மைனரில் அது சாரதியின் காலடியில், தரைக்குக் கீழே சேஸிஸுக்குள் ஒளிந்திருக்கும். அதன் போல்ட்டைக் கழற்ற முன் டோர்ஷன் பார் குறுக்கே நிற்கும். இஸிகோனிஸ் எவ்வளவு பெரிய மேதையோ தெரியாது, அந்தப் போல்ட்டைக் கழற்றும்போது எங்கள் பாஸ் அவரைப் பற்றிச் சொன்னதை இங்கே எழுத முடியாது. அதை முற்றாக எடுத்துவிட்டு, இரட்டைச் சுற்றுள்ள புதிய மாஸ்டர் சிலிண்டர் ஒன்றைப் பூட்டினோம். முன் இரண்டுக்கும் ஒரு சுற்று, பின் இரண்டுக்கும் ஒரு சுற்று. ட்ரம் பிரேக்குக்கான பழைய சிலிண்டரில் பைப்புக்குள் கொஞ்சம் அழுத்தம் எப்போதும் தங்கியிருக்க ஒரு வால்வு உண்டு. டிஸ்க்குக்கு அது ஆகாது, பேட் டிஸ்க்கை விடாமல் உரசிச் சூடேறும். முதல் தடவை அதை யாரும் கவனிக்கவில்லை. மூன்று நாளும் கார் "கொஞ்சம் பாரமாக ஓடுது" என்று தம்பி சொன்னதன் காரணம் இப்போதுதான் விளங்கியது.

காற்று எடுப்பது உம்மாவின் வேலையானது. ஆம், 76 வயது உம்மாதான் பெடல் மிதித்தார். "மிதி", "பிடி", "விடு" என்று பாஸ் கீழிருந்து குரல் கொடுக்க, உம்மா தஸ்பீஹ் கையோடு மிதித்துக்கொண்டிருந்தார். தூரச் சக்கரத்திலிருந்து தொடங்க வேண்டும். எங்கள் காரில் பின் இடது முதலில், சாரதிக்குக் கிட்ட இருக்கும் முன் வலது கடைசியில். ஊற்றியது டொட் 4 ஒயில். புதிதாக இருக்கும்போது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஆனால் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும், உறிஞ்சிய பிறகு அந்த எல்லை 155 வரை இறங்கலாம். கொழும்புக் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொன்னார். மாற்றிய திகதியை மகள் ஸ்டிக்கரில் எழுதி பொனட்டுக்குள் ஒட்டியிருக்கிறாள்.

2020 மார்ச்சில் மறுபடி வாகன இறக்குமதி நின்று, 2025 தொடக்கம் வரை சொந்தக் கார்களுக்குக் கதவு மூடியிருந்ததல்லவா. அந்த ஐந்து வருடத்தில் பழைய கார்களுக்கு வந்த மவுசு உங்களுக்குத் தெரியும். வீட்டுப் பின்புறத்தில் கோழி முட்டையிட்ட மைனர்களெல்லாம் வீதிக்கு வந்தன. பெயின்ட் பளபளக்கிறது, சீட் புதுசு, உள்ளே ஏசி. அந்தப் பைப் எத்தனை வருடத்துப் பைப் என்று ஒருவரைக் கேட்டோம். "எந்தப் பைப்?" என்றார்.

கல்யாணத்துக்குப் போய்வந்தோம். கண்டி வீதியை ஆளுநர் பார்ன்ஸ் காலத்தில் 1820களில் வெட்டியவர் கப்டன் டோசன். அவருக்காக 1832இல் எழுப்பிய கோபுரம் இன்னும் கடுகண்ணாவையில் நிற்கிறது. திரும்பி வரும்போது அங்கே நிறுத்தித் தேநீர் குடித்தோம். பாஸ் சொன்னபடி தம்பி நான்கு சக்கரத்தின் உள்பக்கமும் குனிந்து பார்த்தான். ஈரமில்லை. பிறகு கியரைக் குறைத்து, டோசன் துளைத்த பாறைக்குப் பக்கத்தால் மாவனல்லைப் பக்கமாக இறங்கினோம். பெடல் பாதியிலேயே கல்லுப்போல நின்றது. பின்சீட்டில் உம்மா கல்யாணவீட்டு மஸ்கட் பெட்டியை மடியில் வைத்தபடி தூங்கிவிட்டார்.